கோயிலுக்கு வடக்கே

முப்பது வருடம் நான் பதிவுக் கந்தோரில் வேலை செய்தேன். பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரங்கள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஒரு பத்திரம் கைக்கு வந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க மாட்டேன். எங்கே சுரண்டியிருக்கிறது, எந்த மை புதிது, முத்திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் கண் போகும். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மீன் கொண்டு வருகிறவர் இன்றைக்குப் பிடித்தது என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். பங்குச் சுவாமி பிரசங்கத்தில் ‘கடைசியாக ஒன்று’ என்றால் அதையும் நம்ப மாட்டேன். அவர் அதற்குப் பிறகும் கால்மணி நேரம் பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே ஊரில் ஒரு பழைய புகைப்படத்தைத் தேடிப்போக ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் மேற்கே கடல், கிழக்கே கடலோடு சேர்ந்த உப்பேரியான களப்பு. கடல் பக்கத்தில் இரண்டு குடும்பங்களுக்கு, கரையில் நின்று இழுக்கிற கரைவலை உண்டு. ஒன்று என் தம்பியுடையது. மற்றது அடுத்த வளவில் இருக்கும் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்ததால் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவளுடைய புருஷன் இறந்த பிறகு மகன்மாரை வைத்து அவள்தான் வலையை நடத்துகிறாள். கரைவலையை நினைத்த இடத்தில் போட முடியாது. கரையில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இன்னாருக்கு என்று உண்டு. அதைப் பாடு என்போம். பழைய மாதா கோயில் கரையிலேயே இருந்த காலத்தில் அதற்கு வடக்கே ஒரு குடும்பத்தின் பாடு, தெற்கே மற்றக் குடும்பத்தின் பாடு.

நாங்கள் பிறப்பதற்கு முன்பே அந்தக் கோயிலைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதுக் கோயிலை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அதன் பிறகு கரை முழுவதிலும் இரண்டு வீட்டாரும் நாள் முறை வைத்து வலை இழுத்தார்கள். அதனால் யாருக்கு எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரே கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்: வடக்குப் பாடு நம்முடையது, பாவம் பார்த்து அவர்களையும் விட்டிருக்கிறோம். என் அப்பாவும் இதைச் சொன்னார். அவளுடைய மாமனாரும் இதைத்தான் சொன்னாராம்.

பிறகு கடல் அரிப்பைத் தடுக்க என்று தெற்குப் பக்கம் முழுவதும் கருங்கல் கொட்டினார்கள். கல்லில் வலை போட்டால் வலையை மறந்துவிட வேண்டியதுதான். மிஞ்சியது வடக்குப் பாடு. அந்த வருடம் கடற்றொழில் அலுவலர் வந்து, இனி ஒரு பாட்டுக்கு ஒரு பேரில்தான் பத்திரம், ஆதியில் வடக்கு யாருடையதோ அவர்கள் அத்தாட்சி கொண்டு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேறு தொழில் தெரியாது. பத்திரம் கிடைக்காவிட்டால் அவன் வலையைச் சுருட்டிக் கரையில் இருக்கிற வாடிக் குடிசைக்குள் வைத்துவிட்டு வெளியே கூலிக்குத்தான் போக வேண்டும். அக்காவின் மகன்மாருக்கும் அதே நிலைதான் என்பதை நான் அப்போது அவ்வளவாக யோசிக்கவில்லை.

பங்குச் சுவாமிதான் புகைப்படத்தைப் பற்றிச் சொன்னார். முன்னொரு காலத்தில் இந்தக் கரையில் வேலை செய்த வெளிநாட்டுச் சுவாமி ஒருவர் பெட்டிக் கமராவோடு திரிந்தவராம். அவர் எடுத்த படங்களின் கண்ணாடித் தகடுகள் கொழும்பில் துறவிகளின் பழைய வீடு ஒன்றில் பாதுகாப்பாக இருக்கின்றனவாம். வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிற நாளில் எங்கள் கரையையும் அவர் எடுத்ததாக ஒரு பட்டியலில் இருக்கிறதாம். வள்ளங்களைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்து வள்ளத்தின் முன்மூக்கில் நட்சத்திரம் தீட்டியிருக்கும், அவர்களுடையதில் நங்கூரம். இன்றைக்கும் அப்படித்தான் தீட்டுகிறோம்.

படம் எதைக் காட்டுகிறதோ அதை ஏற்றுக்கொள்வது என்று தம்பியும் அக்காவும் மாதா சொரூபத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினார்கள். கோயிலுக்குள் சத்தியம் பண்ணுவதைச் சுவாமி விரும்பவில்லை. ஆனால் எங்கள் ஊரில் மாதாவுக்கு முன்னால் சொல்லாத சொல்லுக்குப் பெறுமதி இல்லை. யார் போவது என்று கேட்டபோது அக்கா என்னைக் காட்டி, இவளே போகட்டும், இவளுக்குத்தான் பத்திரம் பார்க்கத் தெரியும் என்றாள்.

எனக்கு அதுவே பிடிக்கவில்லை. எதிர்த்தரப்பு ஏன் என்னை அனுப்ப வேண்டும்? நான் அவளாக இருந்திருந்தால் மகன்மாரில் ஒருவனைக் கட்டாயம் கூட அனுப்பியிருப்பேன். ஒன்று, அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அல்லது நான் பொய் சொன்னால் பிடிப்பதற்கு ஏதோ வழி வைத்திருக்க வேண்டும். புத்தளத்துக்கு பஸ் ஏறி, நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி பின்னால் மறையும் வரையில் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். புத்தளத்தில் கொழும்பு பஸ் மாறி, சிலாபம் தாண்டும்போதும் விடை கிடைக்கவில்லை.

கொழும்பில் அந்தப் பழைய வீட்டின் மாடியில்தான் சேகரிப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவள் முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். என் கைப்பையை வெளியே ஒரு மேசை லாச்சிக்குள் வைக்கச் சொன்னாள். பேனை கொண்டு போகக் கூடாது, பென்சில் மட்டும்தான். அடையாள அட்டையை இரண்டு தரம் பார்த்தாள். முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவள் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்தபோது எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வேலை தெரிந்தவள் என்று நினைத்தேன்.

தகடுகளை வெளியே எடுப்பதில்லை என்றாள். இரும்பு அலுமாரியைத் திறந்து தூரத்தில் நின்று காட்டினாள். மரப் பெட்டிகளுக்குள் பழுப்புக் கடதாசி உறைகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு கண்ணாடி. சில வருடங்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் கணினிக்குப் பிரதி எடுத்துவிட்டதால் திரையில்தான் பார்க்க வேண்டுமாம். உண்மையான சாமானைக் காட்டாமல் பிரதியைக் காட்டினால் கந்தோரில் நான் விடுவேனா? அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் சிரித்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

பிறகு இரண்டு மணி நேரம் எனக்கு வந்த காரியமே மறந்துபோனது. அதைச் சொல்லத்தான் வேண்டும். புத்தளத்து உப்பளம் ஒன்று, உப்புக் குவியலுக்கு முன்னால் தலையில் துண்டு கட்டிய ஆட்கள். கழுதைகள் வரிசையாக மூட்டை சுமந்து போகின்றன, ஒன்று மட்டும் கமராவைத் திரும்பிப் பார்க்கிறது. கருவாட்டுக் கடையில் தொப்பி போட்ட ஒரு முதலாளி, தராசைப் பிடித்தபடி. உடப்பு ஊரில் தீமிதிப்பு, பயந்து பயந்து வெகுதூரத்தில் நின்று எடுத்தது போலப் புகைதான் அதிகம் விழுந்திருக்கிறது. முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள், எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் யாரும் கமராவுக்கு முன்னால் சிரிப்பதில்லை. என் ஆட்கள்தான் இவர்கள் என்று எனக்குப் பட்டது. கமராவைக்கூட நம்பாதவர்கள்.

அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டினாள். திரையில் ஒரு கிழவனின் கழுத்துச் சுருக்கத்தைக்கூடப் பார்க்க முடிந்தது. பேர் தெரியாத அந்த மனிதர்கள் இருட்டுப் பெட்டிக்குள் இத்தனை காலம் நிமிர்ந்து நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அவள் கவனிக்காதபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

கடைசியில் எங்கள் கரை வந்தது. உறையில் வெளிநாட்டு மொழியில் எழுதியிருந்ததை வாசித்து, ஊர்ப்பேரும் வள்ளங்கள் மந்திரிக்கும் நாள் என்பதும்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள். படம் எடுத்தவர் முழங்கால் தண்ணீரில் முக்காலியை நட்டு, கரையைப் பார்த்து எடுத்திருக்க வேண்டும். நடுவில் ஓலைக்கூரைக் கோயில். பின்னால் தென்னைகள். முன்னால் வேறொரு சுவாமி நின்று தீர்த்தம் தெளிக்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும். கோயிலுக்கு இடப்பக்கம் ஒரு வள்ளம், வலப்பக்கம் ஒரு வள்ளம். கடலிலிருந்து எங்கள் கரையைப் பார்த்தால் இடக்கைப் பக்கம் வடக்கு. இடப்பக்கத்து வள்ளத்தைப் பெரிதாக்கச் சொன்னேன்.

நட்சத்திரம்.

அப்பா சொன்னது பொய் இல்லை. வலப்பக்கத்தைப் பெரிதாக்கினாள், நங்கூரம். மறுபடி இடப்பக்கம் போகச் சொன்னேன், மறுபடி நட்சத்திரம். இரண்டு பிரதி அச்சடித்து, சேகரிப்பின் முத்திரை குத்தி, உறையில் போட்டுத் தந்தாள். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். ஊர் வந்து சேரும் வரை அந்த உறையை மடியிலிருந்து இறக்கவில்லை.

சுவாமியின் அறையில் வைத்துப் படத்தைக் காட்டினோம். தம்பி நட்சத்திரத்தைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். அக்கா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். ஒவ்வொரு ஆளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். பிறகு, படத்தில் இருக்கிறதென்றால் இருக்கிறதுதான், நாங்கள் விட்டுத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, தன் பிரதியை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். சண்டை இல்லை, சாபம் இல்லை. மகன்மாரும் பின்னாலேயே போனார்கள்.

இவ்வளவு லேசாக ஒருத்தி விட்டுத் தருவாளா? நான் அவளை அறிவேன். பள்ளியில் ஒரு பென்சிலுக்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள். இதற்குள் என்னவோ இருக்கிறது என்று தம்பியிடம் சொன்னேன். அவன், வென்ற பிறகும் உனக்குச் சந்தேகம்தானா என்று சிரித்தான். எங்கள் பிரதியைப் பட்டணத்தில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினான். வருகிறவர்களுக்கெல்லாம் நட்சத்திரத்தைக் காட்டினான். அலுவலர் இரண்டு தரப்பையும் அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன் தன் கந்தோருக்கு வரச் சொல்லியிருந்தார்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு நடுவழியே வந்தார். என் முகத்திலும் இரண்டு சொட்டு விழுந்தது. சிலுவை அடையாளம் போட்டேன். அப்போதுதான் மனதுக்குள் என்னவோ இடறியது. எதுவென்று பிடிபடவில்லை. சுவாமி திரும்பிப் போகும்போது அவருடைய கையைப் பார்த்தேன். வலக்கை. வேறு எந்தக் கையால் தெளிப்பார்கள்?

பூசை முடிந்ததும் தம்பி வீட்டுக்குப் போனேன். எல்லோரும் கோயில் வாசலில் கதைத்துக்கொண்டு நின்றதால் வீட்டில் யாரும் இல்லை. கதிரை போட்டு ஏறி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். படத்திலிருந்த சுவாமி இடக்கையால் தெளித்துக்கொண்டிருந்தார்.

முதலில் யாரோ படத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அக்காவின் மகன்மார் கணினி தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் ஏன் தங்களுக்குப் பாதகமாக மாற்றப் போகிறார்கள்? கொழும்பில் அந்தப் பெண்ணை யாராவது காசு கொடுத்து வாங்கியிருப்பார்களோ என்று அடுத்ததாக யோசித்தேன். வாங்குவதென்றால் எங்கள் பக்கத்தில் யார் வாங்கினது, தம்பியா? அவனுக்குக் கொழும்பில் ரயில் நிலையத்துக்குக்கூட வழி தெரியாது. ஒருவேளை அந்தச் சுவாமி இடக்கைக்காரராக இருக்கலாம் என்று கடைசியில் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சோறு உண்பதற்கு இடக்கை என்றாலும், மந்திரிக்க இடக்கையைத் தூக்குகிற சுவாமியை நான் பிறந்த நாள் முதல் பார்த்ததில்லை.

பெண்களைப் பார்த்தேன். ஆறு பேர் சேலை உடுத்து நின்றார்கள். ஆறு பேருக்கும் முந்தானை வலத்தோளில் கிடந்தது. ஒருத்திக்கு மாறிக் கிடந்தால் அவசரம் என்று விடலாம். திருநாள் அன்று ஆறு பேருமா மாற்றி உடுத்திக்கொண்டு வருவார்கள்?

கதிரையிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தேன். சந்தேகம் பிடித்தவள் என்று ஊரே சொல்கிற நான், எனக்குச் சாதகமாக இருந்த ஒரு பத்திரத்தை மட்டும் சோதிக்காமல் விட்டிருக்கிறேன். நட்சத்திரத்தைப் பார்த்த கண் வேறொன்றையும் பார்க்கவில்லை. கந்தோரில் வேறொருத்தி இப்படிச் செய்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்.

திங்கட்கிழமை கொழும்புக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண்ணிடம் தகட்டை எடுத்துப் பார்க்கும்படி கேட்டேன். பின்னேரம் அவளே திருப்பிப் போன் எடுத்தாள். கண்ணாடியில் ஒரு பக்கம் மருந்து பூசியிருக்குமாம், மறுபக்கம் வெறும் கண்ணாடியாம். பிரதி எடுத்தவர்கள் இந்தத் தகட்டை மட்டும் பக்கம் மாற்றி வைத்துவிட்டதால் இடம் வலமாகிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரியான படத்தை அனுப்பினாள். கோயில் அதே இடத்தில் இருந்தது. தென்னைகளும் பெரிதாக மாறவில்லை. சுவாமி வலக்கையால் தெளித்தார். முந்தானைகள் இடத்தோளுக்கு வந்துவிட்டன. நங்கூரம் வடக்கே நின்றது, நட்சத்திரம் தெற்கே.

இப்போது கற்களுக்கு அடியில் கிடக்கிறதே, அதுதான் எங்கள் பாடு. இத்தனை காலம் பாவம் பார்த்து விட்டிருந்தது அவர்கள், இழுத்துக்கொண்டிருந்தது நாங்கள்.

நான் நல்லவள் போல எழுதிக்கொண்டு போகக் கூடாது. அன்றைக்கே அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, கொழும்புப் பெண்ணுக்கு எங்கள் சண்டை தெரியாது, அக்காவும் ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பியின் பிள்ளைகள் முன்னறையில் அந்தப் படத்துக்குக் கீழே இருந்து பாடம் படித்தார்கள். மூத்தவள் என்னிடம், மாமி, இந்தச் சுவாமி யார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். செவ்வாய்க்கிழமை காலையில் கொழும்புக்கு மறுபடி போன் எடுத்து, என் போன் பழுதாகிப் படம் போய்விட்டது, இன்னொரு தரம் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பினாள். போன் பழுது என்பதை நம்பினாளோ தெரியாது.

அதை எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். தம்பி கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கையையும் முந்தானையையும் காட்டினேன். அவன் இரண்டு தரம் பார்த்தான். பிறகு போனை என் கையில் தந்துவிட்டு ஊசியை எடுத்தான்.

“இத வேற ஆரு பாத்தது?”

நான் மட்டும் என்றேன்.

“அக்கா, நாங்க சத்தியம் பண்ணினது படம் காட்டுறத ஏத்துக்கொள்ளுறம் எண்டு. படம் காட்டிச்சு. அவங்களும் ஏத்துக்கொண்டாங்க. பிறகென்ன?”

அது பிழையான படம் என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

“இத விட்டா நான் எங்க வலை போடுற? கல்லுக்கு மேலயா? ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டுத் திரிஞ்சாய். கடைசியில எங்கட வீட்டுக்குள்ளயே வந்திட்டாய்.”

அவன் மறுபடி வலையைப் பொத்தத் தொடங்கினான். போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு மணலில் நடந்து வந்துவிட்டேன். என்னைவிட எட்டு வயது இளையவன். அம்மா இறந்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டினது நான். இப்போது அவனுடைய பிழைப்பை நானே கையால் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். ஆனால் அந்தப் படத்தின் கீழே கொழும்பில் முத்திரை குத்தி வாங்கினது நான். வியாழக்கிழமை கந்தோரில் அதைச் சரி என்று நீட்டப் போவதும் நான்தான்.

புதன்கிழமை காலை பத்து மணியிருக்கும், அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாக்கு விரித்து நெத்தலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வா என்றாள். அவ்வளவுதான். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. போனைத் திறந்து நீட்டினேன். அந்தப் படம் பக்கம் மாறிப்போய்விட்டது, இதுதான் சரி, வடக்கு உங்களுடையது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் போனை வாங்கவே இல்லை. மீன் வாசம் பட்ட கையைச் சேலையில் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. தன்னுடைய பிரதியைக் கொண்டு வந்து என்னிடம் தந்தாள். அதில் சுவாமியின் இடக்கையைச் சுற்றி நீலப் பேனையால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

“அண்டைக்கு மடியில வச்சுப் பாக்கக்குள்ளயே கண்டிட்டன்” என்றாள்.

அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“தோத்தவள் சொன்னா ஆரு நம்புற? நாளைக்குக் கந்தோரில எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்ல இருந்தன். அதுக்கிடையில உனக்கும் தெரியவரும் எண்டு எனக்குத் தெரியும். உன்ட கண்ணுக்குத் தப்பாது.” என் கையிலிருந்து பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “ஆனா நீ வரமாட்டாய் எண்டுதான் நினைச்சன்.”

அது எனக்குச் சுட்டது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் செவுளைத் தூக்கிப் பார்த்தவள் நான். என்னையும் ஒருத்தி அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு நாளாவது நினைத்திருக்கிறேனா? அவள் நினைத்ததும் பிழை இல்லை. திங்கட்கிழமை இரவு அவள் என் வீட்டுக்கு வந்திருந்தால், படத்தை அழித்த போனை வைத்துக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பேன். அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

அவள் குனிந்து நெத்தலியைப் பரப்பத் தொடங்கினாள். நிமிராமலே கேட்டாள்.

“தம்பிக்குத் தெரியுமா?”

ஓம் என்றேன்.

“அவன் என்ன சொன்னான்?”

வாடியில் அவன் நிமிர்ந்து பார்த்த முகம் எனக்கு முன்னால் வந்தது. பள்ளியில் பென்சிலுக்குக் கோபித்தவளின் முதுகையும் பார்த்தேன். இவள் இப்போது கேட்பது பாட்டைப் பற்றி அல்ல, தம்பி எப்படிப்பட்டவன் என்பதைத்தான் என்று எனக்கு விளங்கியது.

“அவன்தான் என்னைப் போகச் சொன்னான்” என்றேன்.

அவள் கை நின்றது. பிறகு, அப்படியென்றால் பத்திரம் என் பேரில் இருக்கட்டும், இழுப்பதை முன்பு போல முறை வைத்தே இழுப்போம், தம்பியிடம் சொல் என்றாள். இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றும் சொன்னாள். நான் குடித்தேன்.

அடுத்த நாள் பத்திரத்தை அக்காவின் பேரில் எழுதினார்கள். தம்பி அன்றைக்கே முன்னறைப் படத்தைக் கழற்றிக் கொண்டு வந்து என் வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பல வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்ன சொல்லி அவனுக்கு முறை வாங்கினேன் என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கரையில் அக்காவைக் கண்டால் எழுந்து நின்று வழி விடுகிறான் என்று அவனுடைய மனைவி சொன்னாள். அவன் இன்னும் கிழமையில் மூன்று நாள் வடக்கே வலை இழுக்கிறான். அக்கா அன்றைக்கு என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாளா, அல்லது பொய் என்று கண்டுகொண்டே சொன்னாளா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.